மேற்கோள் கணக்கு: ஒரு கணினிப் பொறியாளரின் ஆய்வை அளப்பது எப்படி?

ஓர் ஆய்வுக் கட்டுரையின் இறுதியில், அதற்கு ஆதாரமாக நின்ற முந்தைய கட்டுரைகளின் பட்டியல் இருக்கும். அந்தப் பட்டியலில் இடம்பெறும் ஒவ்வொரு கட்டுரைக்கும் ஒரு மேற்கோள் கிடைத்ததாகக் கணக்கு. ஓர் ஆராய்ச்சியாளர் எத்தனை கட்டுரைகளை, எங்கே, எப்போது வெளியிட்டார் என்பது அவருடைய வெளியீட்டுப் பதிவு. அந்தக் கட்டுரைகளைப் பிறர் எத்தனை முறை எடுத்தாண்டார்கள் என்பது அவருடைய மேற்கோள் தாக்கம். பேராசிரியர் நியமனம், பதவி உயர்வு, ஆய்வு நிதி, பல்கலைக்கழகத் தரவரிசை ஆகிய எல்லாவற்றிலும் இன்று இந்த இரண்டு கணக்குகளும் நுழைந்துவிட்டன. கள்ளக்குறிச்சியில் பொறியியல் படிக்கும் மாணவர்கூடக் கைபேசியில், ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் கூகுள் ஸ்காலரைத் திறந்து தன் பேராசிரியரின் மேற்கோள் எண்ணிக்கையைப் பார்த்துவிட முடிகிறது. அந்த எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லாமல் விடுகிறது என்று புரிந்துகொள்ள ஓர் உண்மையான பதிவையே எடுத்துப் பார்ப்பது நல்லது. சென்னையில் பிறந்து அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஆய்வு செய்துவரும் அனந்த சந்திரகாசனின் பதிவு அதற்கு மிகவும் பொருத்தமானது.

கணக்கு தொடங்கிய கதை

மேற்கோள்களைத் தொகுக்கும் வழக்கம் முதலில் வழக்கறிஞர்களிடம் இருந்தது. ஒரு பழைய தீர்ப்பைப் பின்னால் வந்த நீதிமன்றங்கள் ஏற்றனவா, தள்ளினவா என்று தெரிந்துகொள்ள, ஷெப்பர்டு என்பவர் தொடங்கிய அட்டவணையை அமெரிக்க வழக்கறிஞர்கள் 1873 முதல் பயன்படுத்தினார்கள். அதே முறையை அறிவியலுக்கும் கொண்டுவரலாம் என்று யூஜின் கார்ஃபீல்டு 1955இல் ‘சயின்ஸ்’ இதழில் எழுதினார். 1960களின் தொடக்கத்தில் அவருடைய நிறுவனம் வெளியிட்ட அறிவியல் மேற்கோள் அட்டவணை, 613 இதழ்களிலிருந்து சுமார் 14 லட்சம் மேற்கோள்களைத் தொகுத்தது. ஒரு கருத்து யார் யார் கைக்குப் போயிற்று என்று ஆராய்ச்சியாளர் தேடிக் கண்டுபிடிக்க உதவுவதே அவருடைய நோக்கம். ஆட்களைத் தரம் பிரிக்கும் கருவியாக அது மாறியது பிற்பாடுதான்.

எழுத்துலகை எண்களால் ஆராயலாம் என்ற எண்ணத்தில் தமிழருக்கும் பங்கு உண்டு. சீர்காழியில் பிறந்த நூலக அறிஞர் எஸ்.ஆர். அரங்கநாதன், நூலகப் பணிகளைப் புள்ளியியல் கொண்டு அளக்கும் ‘லைப்ரமெட்ரி’ என்ற துறையை 1948இல் இங்கிலாந்தில் நடந்த ஆஸ்லிப் மாநாட்டில் முன்மொழிந்தார். ஆய்வு வெளியீடுகளை எண்களால் அளக்கும் இன்றைய துறைக்கு அதை ஒரு முன்னோடியாகச் சொல்வது வழக்கம்.

2004இல் எல்செவியர் பதிப்பகத்தின் மேற்கோள் தரவுத்தளமான ஸ்கோபஸும் கூகுள் ஸ்காலரும் வந்தபின் இந்தக் கணக்கு எல்லோருக்கும் எட்டியது. மறு ஆண்டே, கலிஃபோர்னியாவின் இயற்பியலாளர் ஜோர்ஜ் ஹிர்ஷ் ‘எச்’ குறியீட்டெண்ணை அறிமுகப்படுத்தினார். ஒருவரின் கட்டுரைகளை மேற்கோள் எண்ணிக்கைப்படி இறங்குவரிசையில் அடுக்க வேண்டும். எத்தனையாவது கட்டுரைவரை, அந்த இடத்தின் எண்ணுக்குக் குறையாத மேற்கோள்கள் இருக்கின்றனவோ, அதுவே அவருடைய எச் எண். ஐந்து கட்டுரைகளுக்கு முறையே 40, 18, 9, 4, 2 மேற்கோள்கள் என்றால் எச் எண் 4. நான்காவது கட்டுரைக்கு நான்கு உண்டு, ஐந்தாவதற்கு ஐந்து இல்லை. வாழ்நாளில் ஒரே ஒரு கட்டுரை எழுதி அதற்குப் பத்தாயிரம் மேற்கோள் பெற்றவருக்கும் எச் எண் 1தான். தொடர்ந்து எழுதுபவரை இந்த அளவுகோல் சரியாகக் காட்டும். ஒரே பாய்ச்சலில் துறையைத் திருப்பிப் போட்டவரைக் காட்டாது.

1992: மின்சாரத்தைச் சேமித்த கட்டுரை

அனந்த சந்திரகாசன் பள்ளிப் பருவத்தில் அமெரிக்கா சென்றவர். தாயார் உயிர்வேதியியலாளர். அவருடைய ஆய்வகத்தில் சிறுவயதிலேயே வளைய வந்தவர் சந்திரகாசன். பெர்க்லியில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் 1989இல் இளநிலை, 1990இல் முதுநிலை, 1994இல் முனைவர் என்று மூன்று பட்டங்களையும் பெற்றார். அதே ஆண்டில் எம்.ஐ.டி.யில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

அவருடைய பதிவின் அஸ்திவாரம் மாணவராக இருந்தபோது எழுதிய கட்டுரை. சாமுவேல் ஷெங், வழிகாட்டிப் பேராசிரியர் ராபர்ட் புரோடர்சன் ஆகியோருடன் சேர்ந்து எழுதிய அது, மின்சாரத்தைக் குறைவாகச் செலவிடும் சிமாஸ் வகைச் சில்லுகளை வடிவமைப்பது பற்றியது. 1992 ஏப்ரலில், மின், மின்னணுப் பொறியாளர்களின் சங்கமான ஐ.இ.இ.இ.யின் திண்மநிலைச் சுற்று இதழில் வெளியானது. சில்லுகளின் வேகத்தைக் கூட்டுவதே அன்றைய போட்டி. கையில் எடுத்துச் செல்லும் கருவிகள் வரப்போகின்றன, அவற்றுக்கு வேகத்தைவிட மின்கலத்தின் ஆயுள் முக்கியம் என்று இந்தக் கட்டுரை வாதிட்டது.

அதன் கணக்கை எளிதாகப் பின்தொடரலாம். சில்லு செலவிடும் திறன் மின்னழுத்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. அழுத்தத்தைப் பாதியாக்கினால் செலவு கால்பங்காகும். ஆனால் அழுத்தம் குறைந்தால் சில்லு மெதுவாகும். அந்த இழப்பை ஈடுகட்ட, ஒரே வேலையைச் செய்யும் சுற்றை இரண்டாக வைத்து, ஒவ்வொன்றையும் பாதி வேகத்தில் ஓடவிடலாம் என்றார்கள். கட்டுரையின் உதாரணத்தில், 5 வோல்ட்டில் ஓடிய ஒரு சுற்றை இரட்டிப்பாக்கி 2.9 வோல்ட்டில் ஓடவிட்டபோது, மொத்த வேலை குறையாமலே மின்செலவு 36 சதவீதத்துக்கு இறங்கியது. சில்லில் அது பிடித்த இடம் 3.4 மடங்காயிற்று. டிரான்சிஸ்டர்கள் ஆண்டுக்காண்டு சிறுத்துவந்த காலம் அது. இடத்தைக் கொடுத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துவது லாபமான பேரம்.

கையடக்கக் கருவிகள் பெருகப் பெருக இந்தக் கட்டுரைக்கு மேற்கோள்களும் பெருகி, பல ஆயிரங்களைத் தாண்டின. இன்றைய கைபேசிச் சில்லுகளில் வேலை குறைவான நேரத்தில் மின்னழுத்தத்தை இறக்குவது அன்றாட நடைமுறை. அதை வடிவமைக்கும் இளம் பொறியாளர் 1992ஆம் ஆண்டுக் கட்டுரையைக் குறிப்பிடமாட்டார், பொது அறிவாகவே கொள்வார். ஒரு கருத்து துறைக்குள் முழுவதும் கரைந்துவிட்டால் அதை மேற்கோள் காட்டுவது நின்றுபோகும் என்று சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விளக்கியிருக்கிறார். மிக ஆழமான தாக்கம், ஒரு கட்டத்துக்குமேல் கணக்கில் ஏறுவதே இல்லை.

சில்லு செய்து காட்டினால்தான் கட்டுரை

கணினித் துறையின் பதிவுகளைப் படிக்கும்போது ஒரு வழக்கத்தை மனத்தில் கொள்ள வேண்டும். மற்ற அறிவியல் துறைகளில் இதழ்களுக்கே மதிப்பு. கணினித் துறையிலோ பெரிய மாநாடுகளுக்கு இதழ்களுக்குச் சமமான, சில பிரிவுகளில் அதைவிடக் கூடுதலான மதிப்பு உண்டு. இதழ்களை மட்டும் எண்ணும் அட்டவணையில் ஒரு கணினி ஆராய்ச்சியாளர் பாதி உருவம்தான் தெரிவார்.

சில்லு வடிவமைப்பாளர்களுக்கு அப்படிப்பட்ட மாநாடு, சுருக்கமாக ஐ.எஸ்.எஸ்.சி.சி. எனப்படும் சர்வதேசத் திண்மநிலைச் சுற்று மாநாடு. 1954இல் தொடங்கிய அது, இப்போது ஆண்டுதோறும் பிப்ரவரியில் சான் ஃபிரான்சிஸ்கோவில் கூடுகிறது. சில்லை உண்மையில் தயாரித்து, அளந்து, அந்த அளவுகளைக் காட்டுவதே அங்கே வழக்கம். ஒரு கட்டுரைக்குப் பின்னால் ஒரு மாணவரின் ஓரிரு ஆண்டு உழைப்பு நிற்கும். இந்த மாநாட்டின் 60 ஆண்டு வரலாற்றில் மிக அதிகக் கட்டுரைகள் தந்த ஆசிரியராக 2013இல் சந்திரகாசன் கௌரவிக்கப்பட்டார். அதே ஆண்டில் ஐ.இ.இ.இ.யின் டொனால்டு பெடர்சன் விருதும் அவருக்குக் கிடைத்தது.

அந்த வரிசையில் ஒன்று 2004ஆம் ஆண்டின் கட்டுரை. மாணவி ஆலிஸ் வாங்குடன் சேர்ந்து, வெறும் 180 மில்லிவோல்ட்டில் இயங்கும் சமிக்ஞைச் சில்லு ஒன்றை அவர் செய்து காட்டினார். சுவர்க் கடிகாரத்தில் போடும் பென்சில் பேட்டரி தரும் 1.5 வோல்ட்டில் அது எட்டில் ஒரு பங்குதான். டிரான்சிஸ்டர் முழுமையாகத் திறந்துகொள்ளத் தேவையான அழுத்தத்துக்கும் கீழே, கசியும் மின்னோட்டத்தைக் கொண்டே கணக்குப் போட முடியும் என்று அந்தச் சில்லு நிரூபித்தது. 1992இல் எழுப்பிய கேள்வியைப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தும் விடாமல் துரத்தியிருக்கிறார் என்பது இங்கே தெரிகிறது. நல்ல வெளியீட்டுப் பதிவின் அடையாளம் இந்தத் தொடர்ச்சி. ஒவ்வொரு ஆண்டும் எது பரபரப்பாக இருக்கிறதோ அதற்குத் தாவும் பதிவில் இதைப் பார்க்க முடியாது.

மலைச் சரிவில் நூறு உணரிகள்

சந்திரகாசனின் பட்டியலில் மிக அதிக மேற்கோள் பெற்றது, கம்பியில்லா உணரிகள் மின்சாரத்தை மிச்சப்படுத்தித் தகவல் அனுப்புவதற்கான ‘லீச்’ என்ற நெறிமுறைக் கட்டுரை. மாணவி வெண்டி ஹைன்செல்மன், சந்திரகாசன், ஹரி பாலகிருஷ்ணன் ஆகிய மூவரும் எழுதி, 2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஹவாயில் நடந்த மாநாட்டில் படித்தது. பாலகிருஷ்ணன் சென்னை ஐ.ஐ.டி.யில் 1993இல் பட்டம் பெற்றவர், 2023இல் மார்க்கோனி பரிசு பெற்றவர். விரிவாக்கிய வடிவம் 2002இல் இதழில் வந்தது. கூகுள் ஸ்காலர் கணக்கில் இரண்டு கட்டுரைகளும் தனித்தனியே பத்தாயிரம் மேற்கோள்களைக் கடந்தவை.

அதன் சாரத்தைக் கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் கல்வராயன் மலையில் வைத்துப் பார்க்கலாம். வெள்ளிமலையைச் சுற்றியுள்ள சரிவுகளில் மரவள்ளியும் சாமையும் விளைகின்றன. மண்ணின் ஈரத்தை அறிய ஒரு சரிவில் நூறு சிறு உணரிகளை நட்டிருப்பதாக வைத்துக்கொள்வோம். காட்டுக்குள் மின்கம்பி கிடையாது, ஒவ்வொன்றுக்கும் ஒரு சிறிய மின்கலம்தான். அது தீர்ந்தால் யாராவது மலையேறி மாற்ற வேண்டும். தகவலைக் கீழே உள்ள நிலையத்துக்கு வானொலி அலையில் அனுப்புவதுதான் உணரிக்குப் பெரிய செலவு.

கட்டுரை எடுத்துக்கொண்ட கணக்குப்படி, ஒரு பிட் தகவலை அனுப்பச் சுற்றுக்கு 50 நானோஜூல் வேண்டும். ஒரு நானோஜூல் என்பது ஜூலில் நூறு கோடியில் ஒரு பங்கு. இதற்குமேல் ஆகும் செலவு தூரத்தின் வர்க்கத்தில் ஏறும். பத்து மீட்டருக்கு அனுப்ப மொத்தம் 60 நானோஜூல் போதும். நூறு மீட்டருக்கோ 1,050 நானோஜூல் ஆகிவிடும். தூரம் பத்து மடங்கு கூடினால் செலவு பதினேழு மடங்குக்கு மேல் கூடுகிறது. எல்லா உணரிகளும் தனித்தனியே நிலையத்தோடு பேசினால், தொலைவில் இருப்பவை முதலில் சாகும்.

அதனால் உணரிகள் அக்கம்பக்கமாகக் குழு சேர்கின்றன. குழுவுக்கு ஒரு தலைமை உணரி. மற்றவை அருகிலுள்ள தலைமையிடம் மட்டும் தகவலைக் கொடுக்கும். தலைமை உணரி அவற்றைச் சுருக்கி ஒன்றாக்கி நிலையத்துக்கு அனுப்பும். தலைமைக்குச் செலவு அதிகம் என்பதால் அந்தப் பொறுப்பு நிலையானதல்ல. முறைப்பாசனத்தில் ஊரார் மாறி மாறி மடை பார்ப்பதுபோல உணரிகளும் முறை வைத்துத் தலைமை ஏற்கும். நூறில் ஐந்து தலைமை என்று வைத்தால், இருபது சுற்றில் ஒவ்வொன்றுக்கும் ஒருமுறை பொறுப்பு வந்துபோகும். யாருக்கு எப்போது முறை என்று மையத்திலிருந்து எவரும் கட்டளையிட வேண்டியதில்லை. ஒவ்வோர் உணரியும் ஒரு சமவாய்ப்பு எண்ணை எடுத்துத் தானே முடிவு செய்கிறது. வழக்கமான முறைகளோடு ஒப்பிட்டால் ஆற்றல் செலவை எட்டில் ஒரு பங்காகவே குறைத்துவிட முடியும் என்று கட்டுரை காட்டியது.

இதற்கு ஏன் இத்தனை மேற்கோள்? கருத்து எளிது, கணினியில் போலச்செய்து பார்ப்பது இன்னும் எளிது. அதனால் பின்னால் வந்த ஒவ்வொரு புது முறையும் தன்னை லீச்சோடு ஒப்பிட்டுக்கொண்டது. தமிழ்நாட்டுப் பொறியியல் கல்லூரிகளில் உணரி வலையமைப்பைத் திட்டப்பணியாக எடுத்த எம்.இ. மாணவர்கள் பலரும் முதலில் படித்தது இதைத்தான். இந்த மேற்கோள்களில் பாராட்டும் உண்டு, குறை சொல்வதும் உண்டு. எல்லா உணரிகளும் நிலையத்தை நேரடியாக எட்ட முடியும் என்று லீச் கருதிக்கொண்டது. கல்வராயன் போன்ற மலையில் நடுவே ஒரு முகடு வந்தாலே அது பொய்த்துவிடும். எந்த உணரியில் எவ்வளவு மின்சாரம் மிச்சம் என்பதையும் அதன் முதல் வடிவம் பார்க்கவில்லை. அதைச் சரிசெய்ய ‘ஹீட்’, சங்கிலியாகத் தகவல் கடத்த ‘பெகாசிஸ்’ என்று அடுத்தடுத்த முறைகள் வந்தன. குறைகளும் சேர்ந்தே எண்ணிக்கையை உயர்த்தின. துறை முன்னேறும் வழியும் அதுதான். பிறர் திருத்திக்கொள்ளத் தகுந்த அளவுக்குத் தெளிவாக எழுதப்பட்ட கட்டுரையே நீண்டநாள் வாழ்கிறது.

எண்ணில் ஏறாதவை

சந்திரகாசனின் தாக்கத்தில் பெரும்பகுதி இந்தக் கணக்குக்கு வெளியே இருக்கிறது. யான் ராபே, நிகோலிச் ஆகியோருடன் அவர் எழுதிய எண்ணிலக்கத் தொகுசுற்றுகள் பற்றிய பாடநூல், அண்ணா பல்கலைக்கழகத்தின் சில்லு வடிவமைப்பு (வி.எல்.எஸ்.ஐ.) பாடத்திட்டத்தில் இடம்பெற்ற நூல். அந்தப் பல்கலைக்கழகத்தோடு இணைந்த கள்ளக்குறிச்சி மாவட்டக் கல்லூரியில் படித்துத் தேர்வெழுதி, சில்லு வடிவமைப்பு வேலைக்குப் போகும் ஒருவர் அந்த நூலால் பயன்பெறலாம். ஆனால் அவர் ஆய்வுக் கட்டுரை எழுதப்போவதில்லை, ஆகவே அந்தப் பயன் எந்த அட்டவணையிலும் ஏறாது.

மாணவர்களும் அப்படியே. ஹைன்செல்மன் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி, பின்னர் பொறியியல் முதல்வரானார். சந்திரகாசனிடம் முனைவர் பட்டம் பெற்ற விவியன் ஸீ, செயற்கை நுண்ணறிவுக்கான குறைந்த மின்செலவுச் சில்லான ‘ஐரிஸ்’ திட்டத்தை எம்.ஐ.டி.யில் நடத்தியவர். அவர்களுடைய மேற்கோள்கள் அவர்கள் பெயரில்தான் சேரும், சேரவும் வேண்டும். துறைத்தலைவர், 2017 முதல் பொறியியல் முதல்வர், 2025 ஜூலை முதல் எம்.ஐ.டி.யின் கல்வி நிர்வாகத் தலைவரான புரோவோஸ்ட் என்று சந்திரகாசன் ஏற்ற நிர்வாகப் பொறுப்புகளுக்கும் மேற்கோள் கிடையாது.

எண்ணில் தவறாக ஏறுபவையும் உண்டு. தன் கட்டுரையைத் தானே திரும்பத் திரும்பக் குறிப்பிடுவது, நண்பர்கள் ஒருவரையொருவர் குறிப்பிட்டுக்கொள்வது, காசுக்குக் கட்டுரை எழுதிக் கொடுக்கும் கூட்டங்கள் ஆகிய மூன்றும் கணக்கை ஊதிப் பெருக்குகின்றன. துறைக்குத் துறை அளவும் மாறும். கணிதத்தில் ஐம்பது மேற்கோள் பெரிய மதிப்பாக இருக்கலாம், செயற்கை நுண்ணறிவில் அது ஒரு மாதத்தில் வந்துவிடலாம்.

இந்தியாவில் இந்தக் கணக்கு

இந்தியக் கல்லூரிகளில் எண்ணிக்கைக்கான நெருக்கடி விதிகளிலிருந்தே வந்தது. பல்கலைக்கழக மானியக் குழுவின் 2016ஆம் ஆண்டு விதிப்படி, முனைவர் ஆய்வேட்டைச் சமர்ப்பிக்கும் முன் இதழில் ஒரு கட்டுரையாவது வெளியிட்டு, மாநாடுகளில் இரண்டு கட்டுரைகள் படித்திருக்க வேண்டும். கட்டுரை கட்டாயம் என்றதும், பணம் வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி இதழ்கள் முளைத்தன. 2018 மே மாதத்தில் தன் பட்டியலிலிருந்து 4,305 இதழ்களை மானியக் குழு ஒரே அடியாக நீக்க நேர்ந்தது. 2022 நவம்பரில் வந்த புதிய விதி, அந்தக் கட்டாயத்தையே எடுத்துவிட்டது. உலக அளவிலும் இந்தக் கவலை உண்டு. இதழின் பெயரையும் அதன் மதிப்பெண்ணையும் வைத்து ஆராய்ச்சியாளரை எடை போடாமல், அவர் எழுதியதைப் படித்து மதிப்பிட வேண்டும் என்று சான் ஃபிரான்சிஸ்கோவில் 2012இல் உருவான ‘டோரா’ பிரகடனம் வலியுறுத்துகிறது.

இன்னொரு தடையும் உண்டு. படிக்கக் கிடைக்காத கட்டுரையை யாரும் மேற்கோள் காட்ட முடியாது. பெரிய இதழ்களின் சந்தா சிறிய ஊர்க் கல்லூரிகளுக்கு எட்டாததாகவே இருந்தது. 2025 ஜனவரியில் தொடங்கிய ‘ஒரே நாடு ஒரே சந்தா’ திட்டம், மூன்று ஆண்டுக்கு 6,000 கோடி ரூபாய் ஒதுக்கி, சுமார் 13,000 இதழ்களை 6,300க்கு மேற்பட்ட அரசு உயர்கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்குத் திறந்துவிடுகிறது. மாநில அரசுக் கல்லூரிகளும் இதில் அடக்கம். நமது மாவட்டங்களின் பொறியியல் மாணவர்களில் மிகப் பெரும்பாலோர் படிக்கும் சுயநிதிக் கல்லூரிகளுக்கும் இது விரிய வேண்டும்.

ஒரு பதிவைப் படிக்கும் முறை

ஆகவே ஓர் ஆராய்ச்சியாளரின் பதிவு கைக்கு வந்தால், மொத்த எண்ணைப் பார்த்ததும் நின்றுவிடக் கூடாது. அதிக மேற்கோள் பெற்ற மூன்று கட்டுரைகளைத் திறக்க வேண்டும். அவற்றில் அவருடைய பங்கு என்ன, அவை எழுப்பிய கேள்வி என்ன என்று பார்க்க வேண்டும். மேற்கோள் காட்டியவர்கள் யார், அவர் அறிந்தவர்கள் மட்டுமா, கண் காணாத தேசத்தவருமா என்று பார்க்க வேண்டும். ஏற்றார்களா, திருத்தினார்களா, பட்டியலில் சும்மா சேர்த்தார்களா என்று இரண்டொரு கட்டுரையைப் படித்தாலே தெரிந்துவிடும். அந்த வேலை கருவியாக, நூலாக, மாணவராக எங்காவது போய்ச் சேர்ந்ததா என்பது கடைசிக் கேள்வி. சந்திரகாசனின் பதிவு இந்தச் சோதனைகள் எல்லாவற்றிலும் நிற்பதால்தான் அதன் எண்களுக்கும் மதிப்பு.

இதே கேள்விகள் எண்ணிக்கை சிறிதான பதிவுக்கும் நியாயம் செய்யும். கல்வராயன் மலையின் மரவள்ளிக் காட்டுக்கு எத்தனை உணரி வேண்டும், முகடுகளைத் தாண்டித் தகவலை எப்படிக் கடத்தலாம் என்று உள்ளூர்க் கல்லூரி ஒன்றின் ஆசிரியர் ஆராய்ந்து எழுதினால், அதை மேற்கோள் காட்ட உலகில் பத்துப் பேர்கூட இல்லாமல் போகலாம். அந்த ஆய்வு அதே மலையின் கரியாலூர் விவசாயிக்குப் பயன்பட்டு, அடுத்த மாணவர் அதிலிருந்து தொடங்க முடிந்தால், ஆராய்ச்சி செய்ய வேண்டியதை அது செய்துவிட்டது. பதவி உயர்வுக் குழுக்களும் நிதி வழங்கும் அமைப்புகளும் அப்படிப்பட்ட கட்டுரையைத் திறந்து படித்து மதிப்பிடும்போதுதான், அதை எழுதும் துணிவு சிறிய ஊர்க் கல்லூரிகளில் வளரும்.